கனவினுள் விழித்தல்: தமிழ் மரபும் அதன் சமூக அடிப்படையும்

கனவு காண்பவர் தாம் காண்பது கனவே என்பதைக் கனவு கலையாமலே உணர்ந்துகொள்ளும் நிலையைத் தெளிகனவு என இக்கட்டுரையில் வழங்குகின்றோம். 1913இல் ஒல்லாந்த எழுத்தாளரும் மருத்துவருமான பிரெடரிக் வான் ஈடன் இந்நிலைக்குப் பெயர் சூட்டினார். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ண் நிகழ்த்திய பரிசோதனையில், உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்னரே பேசிக்கொண்டபடி கண்களை இடமும் வலமும் அசைத்துத் தாம் கனவினுள் விழிப்புற்றதை அறிவித்தார். கருவி அதனைப் பதிவுசெய்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபேர்ஜ் 1980இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வு, இது பயிற்சியாற் பெறத்தக்க திறன் என்பதை எடுத்துக்காட்டியது.

பயிற்சி முறை எளியது. காலையிற் கண்விழித்ததும் அசையாது கிடந்து கனவை நினைவுகூர்ந்து எழுதிவைக்க வேண்டும். பகலிற் பலமுறை, இது நனவா கனவா என மெய்யாகவே ஐயுற்றுச் சோதிக்க வேண்டும். எழுத்தொன்றை வாசித்துக் கண்ணை விலக்கி மீண்டும் வாசித்தால், கனவில் அது பெரும்பாலும் மாறிவிடும். திரும்பத் திரும்ப வரும் பொருந்தாமைகளை அடையாளமாகக் கொள்ளலாம். ஏறக்குறைய ஐந்து மணிநேரம் உறங்கியபின் எழுந்து, அடுத்த கனவைக் கனவென்று அறிவேன் எனத் தீர்மானித்துக்கொண்டு மீண்டும் உறங்குவது பெரிதும் பயன்தருவதாகக் கண்டுள்ளனர். இத்தகைய பொருளை ஆராய்வது கருத்துமுதல்வாதத்துக்குக் கதவு திறப்பதாகும் என நம் தோழர்களுட் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். உறக்கமும் உடலின் தொழிலே. உடலின் தொழிலுக்கும் சமூக வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் தொடக்கத்தை அகப்பாடல்களிற் காண்கின்றோம். குறுந்தொகை 30ஆம் பாடலில், கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவி, தலைவனைத் தழுவியதாகக் கனாக்கண்டு எழுந்து வெறும் படுக்கையைத் தடவுகின்றாள். பொய் வெளிப்படுவது விழித்த பின்னரேயாம். திருக்குறளின் கனவுநிலையுரைத்தல் அதிகாரத்துத் தலைவி வேறுபட்டவள். 1212ஆம் குறளில் அவள் தன் கண்களை உறங்குமாறு இரக்கின்றாள். அவை உறங்குமாயின், கனவில் வருபவனிடம் தான் இன்னும் உயிரோடிருக்கும் செய்தியைச் சொல்வேன் என்கிறாள். இவள் தெளிகனவு கண்டாள் என நிறுவ நாம் முற்படவில்லை. ஆயினும், கனவினுட் செய்யவேண்டியதை உறங்குமுன்னரே தீர்மானித்துக்கொள்ளும் லாபேர்ஜின் முறைக்கு இது மிக அண்மித்தது என்பதை எவரும் மறுக்கார். பிரிந்து செல்லும் உரிமை ஆணுக்கிருந்த சமூகத்தில், வீட்டில் இருத்தப்பட்டவளுக்கு எஞ்சிய பயணம் கனவு ஒன்றே. அதையாவது தன் வசப்படுத்த அவள் முயன்றதில் வியப்பில்லை.

சைவ சித்தாந்தம் கனவை முறைப்படுத்தி ஆராய்ந்தது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளை அது வகுத்தது. நனவில் முப்பத்தைந்து கருவிகளோடு புருவமத்தியில் நிற்கும் உயிர், கனவில் அவற்றுட் பத்தை விட்டு இருபத்தைந்தோடு கண்டத்துக்கு இறங்குகின்றது. நனவுக்குள்ளேயே கனவு உண்டு என்றும் நனவிலேயே அதீதத்தை எய்தலாம் என்றும் நுணுகி வகுத்த நூலார், விழிப்பையும் உறக்கத்தையும் இரு தனி அறைகளாகக் கருதவில்லை என்பது தெளிவு. எனினும் இதனை விளக்க அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எடுத்தாளும் உவமை எம்மைச் சற்றே நிறுத்துகின்றது. உலாப்போய் மீளும் மன்னன் வாயில்தோறும் காவல் வைத்துவிட்டு அந்தப்புரத்துக்குத் தனியே செல்வது போன்றதாம் உயிரின் உறக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நிலமானிய அரசமைப்பு மனித உடலுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. இரவெல்லாம் வாயிலில் நின்ற காவலாளி எப்போது உறங்கினான், என்ன கனாக்கண்டான் என்று உவமை கேட்பதில்லை.

இவ்வினாவை நாம் பிறந்த மண்ணில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கனாநூல் இரவின் யாமங்களுக்கேற்பக் கனவு பலிக்கும் காலத்தை வகுத்து, விடியற்கனவு விரைந்து பலிக்கும் என்கிறது. நம் வீடுகளில் இந்நம்பிக்கை இன்றும் உண்டு. கனவு மிகுந்த உறக்கக்கட்டம் இரவின் பிற்பகுதியிலேயே நீள்கிறது என்பது இன்றைய உடலியல் கண்ட உண்மை. விடியற்கனவு தெளிவானது, நினைவில் நிற்பது. நம்பிக்கை தவறாயினும் அதன் அடியில் ஓர் அனுபவம் உண்டு. தெளிகனவுப் பயிற்சிக்குரிய வேளையும் இதுவே. ஆனால் காங்கேசன்துறையில் விடியற்புற உறக்கம் யாருக்கு வாய்த்தது? கடற்றொழிலாளி அவ்வேளை கடலில் இருந்தான். சீவற்தொழிலாளி பனையடியில் நின்றான். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை இரவுபகலாக எரியவேண்டியது. முறைவேலைக்காரனுக்கு உறக்கத்தின் நேரத்தைச் சூளையே வகுத்தது. ஐந்து மணிநேரம் உறங்கி எழுந்து மீண்டும் உறங்குக எனக் கூறும் வழிகாட்டி நூல்கள், அந்த இரண்டாவது உறக்கத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

உறக்கத்தைப் போலவே, கனவின் பொருளை ஐயுறும் உரிமையும் எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கவில்லை. பெரியபுராணத்து நந்தனார் தில்லை எல்லையில் நின்று உட்செல்ல வழியறியாது வருந்தித் துயில்கின்றார். இப்பிறவி நீங்கத் தீயில் மூழ்கி வருமாறு இறைவன் கனவில் ஆணையிடுகிறான். தீயமைக்குமாறு தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றுகிறான். இரு சாராரும் ஒரே கனவைக் கண்டனர். தீயில் இறங்கியவர் ஒருவர். சேக்கிழாரின் பக்தியுள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், சாதி ஒழுங்கே கனவின் உருவில் வந்து பேசும்போது, இது கனவன்றோ எனக் கனவினுட் கேட்கும் ஒருவனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் காவியம் கற்பனை செய்திருக்க முடியாது.

காங்கேசன்துறைக்கு அருகேயுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அக்கேள்வி 1968இல் எழுந்தது. முருகனாகிய காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கியதாலேயே துறைக்கு இப்பெயர் வந்ததென்று கூறும் ஐதிகம் இக்கோயிலைச் சார்ந்ததே. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டக் காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கு ஆலயப்பிரவேசம் கோரி வந்தனர். முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் தலைமையில் உயர்சாதியினர் வழிமறித்தனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. வந்தவர்கள் எவரது கனவுக்கும் காத்திருக்கவில்லை.

1843இல் ரூகேக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ், உலகம் நெடுங்காலமாகக் கனாக்கண்டுவரும் ஒன்றை உண்மையிற் பெறுவதற்கு அதுபற்றிய உணர்வே அதற்கு வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். கனவை எள்ளி நகையாடுவோர் இக்கடிதத்தை மறுபடியும் படித்தல் நன்று. அவர் கனவை எறிந்துவிடச் சொல்லவில்லை; கனவு காண்பவன் அதனைத் தன் கனவாக அறியவேண்டும் என்றார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். தொழிற்சாலை நின்றது, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இற்குப் பின்னரும் பலர் முகாம்களிலேயே இருந்தனர். மாணவப் பருவத்தில் அத்தகைய முகாமொன்றில் முதிய தாயொருவரிடம் நாட்டார் பாடல் சேகரிக்கச் சென்றிருந்தோம். பாடலுக்கிடையே அவர் தம் கனவைப் பற்றிச் சொன்னார். வீடு கனவில் எப்போதும் முழுதாகவே வருமாம். அது இடிக்கப்பட்டதை அறிந்தவராதலால், சுவர்களை முழுதாகக் கண்டவுடனேயே இது கனவென்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். எந்த நூலையும் படியாமல், ஆய்வுகூடத்தார் கற்பிக்கும் அடையாள முறையை அவர் கண்டடைந்திருந்தார். கனவென்று தெரிந்ததும் விழித்துவிடுவீர்களா எனக் கேட்டோம். இல்லையாம், அவசரப்படாமற் கிணற்றடிக்குப் போய், துலாவை இழுத்து நீர் மொண்டு காலைக் கழுவி, திண்ணையில் சற்று இருந்துவிட்டே எழும்புவாராம்.