கூடத்திலிருந்து காட்டுக்கு: மைசூரு ஆய்வு மரபில் மூளையும் கூட்டு வாழ்வும்

முன்னுரை

உறவாடல், நினைவு, ஊக்கம் ஆகிய மூன்றையும் உளவியல் பாடநூல்கள் தனித்தனி இயல்களில் வைக்கின்றன. வாழும் உயிரிடம் அவை பிரிந்து இருப்பதில்லை. யாரை நாடுவது, யாருக்கு ஒதுங்கி நிற்பது என்று முடிவெடுக்கும் குரங்கு, பழைய அனுபவத்தை நினைவில் வைத்து, கிடைக்கப்போகும் பயனை எண்ணியே அடி எடுத்து வைக்கிறது. இந்தப் புரிதல் தென்னிந்தியாவில் உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய மைசூர் அரசின் இரு நகரங்களில் அது இரண்டு தடங்களாக வளர்ந்தது. பெங்களூரு எலியின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தது. மைசூரு குரங்குக் கூட்டங்களைக் காட்டில் பின்தொடர்ந்தது. ஒரு தடம் விட்ட இடத்தை மற்றது நிரப்புகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. தனிமனிதரை அளந்த காலம்

மைசூர் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றியது. 1920களில் அதன் துணைவேந்தராக இருந்த பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காக 1905இலேயே சோதனை உளவியல் பாடத்திட்டம் வகுத்தவர். மைசூரில் 1924இல் உளவியல் துறை தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய எம். வி. கோபாலசுவாமி, லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மேனிடம் பயின்றவர். ஒருவர் பல்வேறு தேர்வுகளில் பெறும் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் கண்டு, அவற்றுக்கு அடியில் பொதுவான அறிவுத்திறன் ஒன்று இருப்பதாக வாதிட்டவர் ஸ்பியர்மேன். அந்த அளவை மரபைக் கோபாலசுவாமி மைசூருக்குக் கொண்டுவந்தார்.

கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டிலேயே ‘ஆகாசவாணி’ என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கியவரும்கூட. மக்கள் கூட்டத்தோடு பேசும் ஆர்வம் அவருக்கு நிறையவே இருந்தது. ஆயினும் அக்காலச் சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்டவர் மேசை முன் தனியே அமர்ந்த ஒருவர்தான். அவரைச் சூழ்ந்த உறவுகளை அளக்கும் கருவி அன்று உருவாகியிருக்கவில்லை.

2. செம்முகக் குரங்குகள் எழுப்பிய கேள்வி

அந்தக் குறையை உலகம் உணர்ந்ததில் இந்தியக் குரங்குகளுக்குப் பெரும் பங்குண்டு. 1938இல் ஏறத்தாழ 400 செம்முகக் குரங்குகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ தீவில் விடப்பட்டன. ராபர்ட் மையர்ஸ் குழுவினர் அங்குச் சில குரங்குகளின் முன்நெற்றி மூளைப் பகுதியை அகற்றிவிட்டு, அவற்றைத் தீவில் மீண்டும் விட்டனர். 1973இல் வெளியான முடிவுகளின்படி, அக்குரங்குகள் தம் கூட்டத்தோடு மீண்டும் ஒட்டவில்லை. கூண்டில் தனித்திருக்கும் விலங்கிடம் காண முடியாத இழப்பு இது. கூட்டம் இருந்ததால்தான் அது வெளிப்பட்டது.

வட இந்தியாவில் ஷியோ தான் சிங், நகரக் குரங்குகளையும் காட்டுக் குரங்குகளையும் ஒப்பிட்டு 1969இல் எழுதினார். நகரக் குரங்குகள் கூடுதலாகச் சண்டையிட்டன. புதிய பொருள்களை ஆர்வத்தோடு கையாண்டன. ஆனால் சிக்கலான கற்றல் தேர்வுகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வாழிடம் கற்றல் திறனை மாற்றாமலேயே உறவாடும் முறையை மாற்றக்கூடும் என்று இது காட்டியது.

3. பெங்களூரு: ஊக்கமும் அச்சமும் பதியும் இடம்

பெங்களூரில் மைசூர் அரசு நடத்திய மனநல மருத்துவமனையிலிருந்து 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. 1974இல் அது நிம்ஹான்ஸ் ஆனது. அங்கு நரம்பு உடலியல் துறையை வளர்த்த டி. தேசிராஜு, மூளையின் ஊக்க மையங்களை ஆய்வுப் பொருளாக்கினார். நெம்புகோலை அழுத்தித் தம் மூளைக்குத் தாமே மின்தூண்டல் பெற எலிகள் சலிக்காமல் முனைவதை ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் 1954இல் கண்டறிந்திருந்தனர். இந்த அனுபவம் மூளையின் அமைப்பையே மாற்றுமா என்று நிம்ஹான்ஸ் குழு கேட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள்கள் தூண்டல் பெற்ற எலிகளில், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் பெருகியிருந்தன. பி. எஸ். சங்கரநாராயண ராவ், தேசிராஜு, டி. ஆர். ராஜு ஆகியோர் இதை 1993இல் வெளியிட்டனர். ஊக்கத்தின் தடயம் நினைவின் இடத்தில் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தை 2002இல் அஜய் வியாஸ், சுமந்த்ர சட்டர்ஜி, சங்கரநாராயண ராவ் உள்ளிட்டோர் காட்டினர். நாள்தோறும் அசையவிடாமல் அடைத்துவைக்கப்பட்ட எலிகளில் ஹிப்போகேம்பஸ் கிளைகள் சுருங்கின. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. அழுத்தம் நீங்கி 21 நாள்கள் கழிந்த பின்னும் அமிக்டலாவின் வளர்ச்சி தணியவில்லை என்பது பின்னர் வந்த ஆய்வில் தெரிந்தது. தொடரும் துன்பம் மூளையில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

4. மைசூரு: கூட்டத்தைப் படித்த ஆய்வகம்

1980களில் மைசூர் பல்கலைக்கழக உளவியல் துறையின் ஆய்வு காட்டுக்கு இடம்பெயர்ந்தது. மேவா சிங்கும் அவருடைய உயிர் உளவியல் ஆய்வக மாணவர்களும் குல்லாய்க் குரங்கு, சோலைமந்தி, தேவாங்கு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களின் முக்கியக் களங்கள் சில தமிழ்நாட்டில் இருந்தன.

இரவில் தனியே திரிவதால் தேவாங்கு உறவற்ற விலங்கென்று கருதப்பட்டு வந்தது. சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் நடத்திய ஆய்வு 2002இல் அந்த எண்ணத்தைத் திருத்தியது. தேவாங்குகள் பகலில் சேர்ந்து உறங்குகின்றன. இரவிலும் ஒன்றையொன்று சந்தித்து உறவாடுகின்றன. வால்பாறையின் புதுத்தோட்டத்தில், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டாகிப்போன காட்டில் வாழும் சோலைமந்திகளோ மரவுச்சியை விட்டுத் தரையில் இறங்கவும், அயல்நாட்டுத் தாவரங்களை உண்ணவும் கற்றுக்கொண்டன.

இதே களத் தடத்தில், பெங்களூரில் பணியாற்றிய அனிந்திய சின்ஹா 1998இல் வெளியிட்ட ஆய்வு, நினைவும் உறவும் சந்திக்கும் புள்ளியை நேரடியாகத் தொட்டது. இரண்டு பெண் குல்லாய்க் குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவரையும்விட உயர்நிலைப் பெண் ஒன்று அருகே வந்தால், பெரும்பாலும் அவ்விருவரில் தாழ்நிலையில் உள்ளதே விலகிச் செல்கிறது. வருபவளுக்குத் தான் கீழ் என்பது மட்டும் தெரிந்தால் இருவருமே விலகியிருக்கலாம். பக்கத்தில் இருப்பவளோடு ஒப்பிடத் தன் இடம் என்ன என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. மூவர் உறவைக் கணிக்கும் இத்திறன், ஆண்டுக்கணக்கில் ஒரே கூட்டத்தில் வாழ்ந்தாலே தேவைப்படும், அங்கேயே வெளிப்படும்.

முடிவுரை

2022இல் இரு தடங்களும் இணையக்கூடும் என்பதற்குச் சான்று கிடைத்தது. காயோ சாந்தியாகோவில் வாழும் அதே இந்தியக் குரங்குகளின் வழித்தோன்றல்களை ஆராய்ந்தபோது, பேன் பார்க்கும் துணைகள் அதிகமுள்ள குரங்குகளுக்குச் சமூக உணர்வோடு தொடர்புடைய சில மூளைப் பகுதிகள் பெரிதாக இருந்தன. களக் குறிப்பும் மூளைப் படமும் சேர்ந்ததால் எட்டிய முடிவு இது.

நம்மிடம் இரண்டுமே உள்ளன. பெங்களூரு ஆய்வுகள் அனுபவம் நரம்பணுவில் எப்படிப் பதிகிறது என்று காட்டின. மைசூரு ஆய்வுகள் எத்தகைய அனுபவத்துக்காக அந்த நரம்பணு உருவானது என்று காட்டின. ஆகவே நரம்பியல் பயிலும் மாணவர்களுக்குக் களக் கண்காணிப்பும் கட்டாயப் பாடமாக வேண்டும். உயிரோடு விட்டுக் கண்காணிக்கும் வழி இருக்கும் இடத்தில் அதையே முதலில் நாட வேண்டும்.

அந்தக் களங்களைக் காப்பதும் ஆய்வின் கடமையே. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது நல்ல தொடக்கம். சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழ்வதில்லை. ஒரு கூட்டம் சிதைந்தால் அதன் உறுப்பினர்கள் தலைமுறைகளாகக் கற்று வைத்திருந்த உறவறிவும் சேர்ந்து அழியும். பின்னர் எந்தச் சோதனைக்கூடத்தாலும் அதை மீட்க முடியாது.