கெர்னலோட மரண வாக்குமூலம்

இன்னிக்கு எபிசோட் ஒரு மரண வாக்குமூலத்தைப் பத்தி. பயப்படாதீங்க, செத்தது ஆள் இல்லை, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல்.

எங்க திருப்பூர்ல நிட்டிங் மிஷின் ஓடறதைப் பார்த்திருக்கீங்களா? பல டஜன் நூல் ஒரே நேரத்துல உள்ளே போகும். அதுல ஒண்ணு அறுந்தா மிஷின் தானா நிக்கும். எந்த நூல்னு காட்ட அங்கேயே ஒரு குட்டி லைட் எரியும். கெர்னல் விழும்போது இது அவ்வளவு சுலபம் இல்லை. ஏன்னா, லைட்டை எரிய வைக்க வேண்டியதும் அதே கெர்னல்தான்.

ஷிப்மென்ட் வாரத்துல ஒரு கம்பெனி சர்வர் நின்னுபோச்சுன்னு வைங்க. முதல் கேள்வியே "கடைசியா யார் கை வச்சது?"ன்னுதான் வரும். கெர்னல் எதையும் சொல்லாம செத்திருந்தா, பழி பக்கத்துல இருக்கிற ஆள் மேல விழும். அதனாலதான் எனக்கு இந்த வரலாறு முக்கியமாப் படுது.

லினக்ஸ் பிறந்த 1991-லயே அதுக்குள்ள ப்ரின்ட்-கேன்னு ஒரு ஃபங்ஷன் இருந்தது. கெர்னல் பேசுவது அது வழியாத்தான். ஆனா சாகற நேரத்துல சிக்கல் வரும். திரையில எழுதற உரிமை, அதாவது லாக், வேறொரு சிபியு கையில இருக்கும்போதே அந்த சிபியு நின்னுட்டா? லாக் கிடைக்கவே கிடைக்காது, செய்தியும் வெளியே வராது. சரி, டிஸ்க்ல எழுதலாமா? மூளை குழம்பின கெர்னலை நம்பி டிஸ்க்கைக் கொடுத்தா, நல்லா இருக்கிற டேட்டாவையும் அழிச்சிடலாம்.

1999-ல் எஸ்ஜிஐ நிறுவனம் எல்கேசிடி என்ற திட்டத்தைத் தொடங்கியது. விழுந்த கெர்னலே தன் மெமரியை டிஸ்க்ல கொட்டிட்டுப் போகும். மேலே சொன்ன ஆபத்து அதுலயும் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸின் அதிகாரபூர்வ கெர்னலுக்குள் அது கடைசிவரை நுழையவே இல்லை.

இங்கதான் நம்ம பக்கத்து ஊர் பெங்களூர் கதைக்குள்ள வருது. அங்கே ஐபிஎம்-மில் இருந்த ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, விவேக் கோயல் போன்றவர்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. செத்துக்கிட்டு இருக்கிறவனை ஏன் எழுதச் சொல்லணும்? எழுத இன்னொருத்தனை முன்னாடியே உட்கார வச்சா என்ன? அமெரிக்காவின் எரிக் பீடர்மேன் உருவாக்கிய கெக்ஸெக், ஓடற கெர்னல்ல இருந்து இன்னொரு கெர்னலுக்கு நேரா தாவும் வசதி. அதன்மேல் இவங்க கட்டினதுதான் கே-டம்ப். 2005 ஜூலையில் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் மூவரும் சேர்ந்து இதைப் பத்தி கட்டுரை கொடுத்தாங்க. ஆகஸ்ட்டில் 2.6.13 கெர்னலோடு அது வெளிவந்தது.

எப்படி வேலை செய்யுது? மிஷின் பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கிடுவோம். அந்தக் காலத்து ஆவணத்தில் வரும் உதாரணம் 64 எம்பி. அதுல இரண்டாவது கெர்னல் தூங்கிக்கிட்டு இருக்கும். முதல் கெர்னல் பேனிக் ஆனதும் இது எழுந்து, பழைய மெமரியை ஒரு ஃபைல் மாதிரி படிக்கும். திரைக்கு வராமப் போன ப்ரின்ட்-கே செய்திகளும் அதுக்குள்ளேயே இருக்கும். ஒதுக்கின இடத்தை முதல் கெர்னல் வேற எதுக்கும் பயன்படுத்தாது. அதனால, பாதியில நிக்காம ஓடிக்கிட்டிருக்கிற நெட்வொர்க் கார்டு கண்டபடி மெமரியில எழுதினாலும் இரண்டாவது கெர்னல் பிழைச்சுக்கும்.

திரையில அச்சிடற பிரச்சினை தீர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு. லினுட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஜான் ஆக்னெஸ் எழுதிய, லாக்கே தேவைப்படாத செய்திக் கிடங்கு 2020 டிசம்பரில், 5.10 கெர்னலில் வந்தது. ரியல்-டைம் லினக்ஸ் அதிகாரபூர்வ கெர்னலில் சேர கடைசித் தடையா நின்னதே ப்ரின்ட்-கேதான். அதைச் சரிசெஞ்ச பிறகுதான், 2024 நவம்பரில் வெளியான 6.12-ல் அது உள்ளே வந்தது. செய்தி அச்சிடற ஒரு ஃபங்ஷனுக்கு முப்பது வருஷத்துக்கு மேல வேலை!

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்க. உங்க சர்வர்ல கே-டம்ப் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா, டெஸ்ட் மிஷின்ல, டெஸ்ட் மிஷின்ல மட்டும், வேணும்னே ஒரு தடவை க்ராஷ் பண்ணி ஃபைல் விழுதான்னு பாருங்க. விழலைன்னா, அது ஷிப்மென்ட் வாரத்துக்கு முன்னாடியே தெரியறது நல்லது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்ங்க!