தோல் தொழிற்கூடங்களில் மின்பாதுகாப்பு மதிப்பீடு

தோல் தொழிற்கூடங்களில் மின்பாதுகாப்பு மதிப்பீடு என்பது சிறிய தோல் பதனிடும் கூடங்கள், காலணி மேற்பகுதி தைக்கும் கூடங்கள், தோல் பொருள் கடைகள் ஆகியவற்றின் மின்னமைப்பு, அங்கு வேலை செய்வோரை மின்னதிர்ச்சியிலிருந்து காக்கும் நிலையில் உள்ளதா என்று பார்த்தும் அளந்தும் அறியும் பணி ஆகும். தமிழ்நாட்டில் பாலாற்றுப் படுகையில் உள்ள வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் இத்தகைய கூடங்கள் மிகுதி. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர் இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அமைந்துள்ளன.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் காட்டுகின்றன. தோல் தொழிலின் ஆபத்து என்றவுடன் கழிவுநீரும் நச்சு வாயுவும்தான் பேசப்படுகின்றன. ஈரத் தரையில் நின்று இயந்திரத்தைத் தொடுபவருக்கு மின்சாரமும் அதே அளவு அருகில் இருக்கிறது.

தோல் கூடங்களின் தனித்தன்மை

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. அதன் பிறகு ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், சதை நீக்குதல், குரோமியப் பதனிடல் என ஒவ்வொரு படியிலும் நீர் ஓடுகிறது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். உப்பு நீரில் நனைந்த கையில் அந்தத் தடை பெருமளவு இல்லாமற் போகும். அந்நிலையில் மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தம் 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட இயலாமற் போகலாம். அதைவிடப் பன்மடங்கான மின்னோட்டம் ஒரு விநாடி நீடித்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும்.

சுண்ணாம்புக் குழிகளில் சேர்க்கப்படும் சல்பைடு, அமிலத்துடன் கலக்கும்போது ஐதரசன் சல்பைடு வாயுவை வெளியிடுகிறது. இவ்வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். எனவே சுவிட்சுப் பலகையின் இணைப்புகளும் பாதுகாப்புக் கருவிகளின் உட்பகுதிகளும் மற்ற இடங்களைவிட இங்கு விரைவில் பழுதடைகின்றன. தையற் கூடங்களில் நீர் இல்லை. ஆனால் ஒரே அறையில் நெருக்கமாக இரும்புத் தாங்கிகள் மீது இயந்திரங்கள் நிற்கின்றன. ஒன்றில் ஏற்படும் மின்கசிவு, அதன் தாங்கியைத் தொட்டு நிற்கும் அடுத்த இயந்திரத்திற்கும் பரவலாம்.

எம்.சி.பி. ஏன் போதாது

சிறு கூட உரிமையாளர் பலரும் 'ட்ரிப்பர் போட்டிருக்கிறது' என்று அமைதியடைகின்றனர். பெரும்பாலும் அது எம்.சி.பி. எனப்படும் சுற்று முறிப்பானே. மிகைப்பளுவினாலும் குறுக்குச் சுற்றினாலும் கம்பி எரிந்து போகாமல் காப்பதே அதன் வேலை. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று.

ஓர் எடுத்துக்காட்டு: தையல் இயந்திரத்தின் மோட்டாரில் மின்காப்பு கெட்டு, பேஸ் கம்பி இரும்பு உடலைத் தொடுகிறது. கூடத்தின் புவித்தொடுப்பு (பேச்சு வழக்கில் எர்த்) மின்தடை 8 ஓம், மின்மாற்றியின் புவித்தொடுப்பு 2 ஓம் என்க. மண் வழியே ஓடும் மின்னோட்டம் 230 ஐ 10 ஆல் வகுக்கக் கிடைக்கும் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனடியாக விழ அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. 23 ஆம்பியரில் அது பல நிமிடங்கள் விழாமல் இருக்கலாம். அதுவரை இயந்திரத்தின் உடல் 23 × 8 = 184 வோல்ட்டில் இருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, தொடுபவர் உயிருக்குத்தான் பாதுகாப்பில்லை.

இவ்விடைவெளியை அடைப்பது எச்ச மின்னோட்டக் கருவி. ஆர்.சி.சி.பி. எனப்படும் இதனைப் பழைய வழக்கில் ஈ.எல்.சி.பி. என்றே இன்றும் அழைக்கின்றனர். பேஸ் கம்பி வழியே செல்லும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை இது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வேறுபாடு அதைப் போல் ஐந்து மடங்கானால் 0.04 விநாடிக்குள் துண்டிக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் எவரும் தொடும் முன்பே இது விழுந்திருக்கும். எனினும் தரையிலிருந்து காப்பிடப்பட்ட நிலையில் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொடுபவரை இக்கருவி காக்காது.

கருவி முடக்கப்படுதல்

மதிப்பீட்டில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுவே. புதிய தையல் இயந்திரங்களில் உள்ள செர்வோ மோட்டார்களின் மின்வடிகட்டிகள், பழுது ஏதுமின்றியே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்தில் கசியவிடுகின்றன. ஓர் இயந்திரத்திற்கு 1 மில்லி ஆம்பியர் என்றாலும், 20 இயந்திரங்கள் ஒரே கருவியின் கீழ் இருந்தால் 20 மில்லி ஆம்பியர் சேர்ந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கருவி அதன் அளவில் பாதிக்கு மேல் எந்தக் கசிவிலும் விழலாம் என்பதால், காரணமின்றி அடிக்கடி விழுவதாகத் தோன்றும். துண்டுக் கணக்கில் கூலி பெறும் இடத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் இழப்பு. ஆகவே யாரேனும் கருவியைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி கொடுத்துவிடுகின்றனர். பலகையில் கருவி தெரியும், மின்சாரம் அதன் வழியே செல்லாது.

இதற்குத் தீர்வு கருவியை நீக்குவதன்று. ஐந்தாறு இயந்திரங்களுக்கு ஒரு கருவி எனச் சுற்றுகளைப் பிரிக்க வேண்டும். செர்வோ மோட்டார்கள் உள்ள சுற்றுக்கு, துடிப்புடைய நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் 'ஏ' வகைக் கருவி பொருத்த வேண்டும். 'ஏசி' வகை அத்தகைய கசிவை உணராமல் போகலாம்.

மதிப்பீட்டு முறை

முதலில் கண்ணால் பார்க்கப்படுகிறது. மூன்றாம் முள் வெட்டப்பட்ட பிளக், தீக்குச்சி வைத்துச் செருகிய ஒயர், உருகியில் தடித்த செம்புக் கம்பி, ஈரத் தரையில் கிடக்கும் நீட்டிப்புக் கம்பி ஆகியவை அளவுக் கருவி இன்றியே புலப்படும்.

அடுத்து மின்காப்புச் சோதனை. மின்சாரத்தைத் துண்டித்து, மின்னணுப் பாகங்களைக் கழற்றி, மெகர் கருவியால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஒரு நிமிடம் செலுத்தப்படுகிறது. மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அச்சுற்றை இணைக்கக் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த கூடங்களுக்கு இச்சோதனை தவிர்க்க இயலாதது. வெளியே காய்ந்த மோட்டாரின் சுருள்கள் உள்ளே ஈரமாகவே இருக்கக்கூடும்.

எர்த் மின்தடையைக் கோடையில் அளப்பது நன்று. பாறைப் பாங்கான இவ்வட்டார நிலம் காய்ந்திருக்கும்போதுதான் உண்மையான உயர் மதிப்பு தெரியும். உப்பு நீர் ஊறிய மண்ணில் அளவு எப்போதும் நல்லதாகவே தோன்றும். அதே உப்பு இரும்புக் குழாயை அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல், குழியைத் திறந்து இணைப்பையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஆர்.சி.சி.பி. சோதிக்கப்படுகிறது. கருவியின் சோதனைப் பொத்தான் அதன் உள்ளியக்கத்தை மட்டுமே காட்டும். எர்த் கம்பி இருக்கிறதா என்பதைக் காட்டாது. எனவே ஒவ்வொரு பிளக் துளையிலும் சோதனைக் கருவியால் கசிவு உண்டாக்கி, விழும் நேரத்தை அளக்க வேண்டும். நேரடிக் கம்பி கொடுக்கப்பட்டிருந்தால் இப்படியில் வெளிப்பட்டுவிடும்.

விதிகள்

மின்பாதுகாப்புக்கு 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அடிப்படையாக இருந்தன. 2023 இல் புதிய ஒழுங்குமுறைகள் வெளியாயின. புவித்தொடுப்புக்கு ஐ.எஸ். 3043, கம்பியமைப்புக்கு ஐ.எஸ். 732, ஆர்.சி.சி.பி.க்கு ஐ.எஸ். 12640 ஆகிய இந்தியத் தரங்கள் உள்ளன. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மும்முனை மோட்டார்களின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் தேவை என்பது நெடுங்கால விதி. சிறு கூடங்களில் பெரும்பாலும் ஒன்றே காணப்படும்.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. 2020 இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவ்வெண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. வீட்டு முன்னறையில் எட்டுப் பேர் தைக்கும் கூடம் இரண்டு வரையறைக்குள்ளும் வராது. அங்கு ஒயர்மேன் பொருத்திச் சென்றதே இறுதி. அவரை மறுபடி அழைத்து அளக்கச் சொல்வது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது.