அரசியின் வெள்ளைப் பருத்தியாடை



நம் தோட்டங்களில் முன்பெல்லாம் திருமணம் முடிந்த கையோடு மணமக்கள் பட்டணத்துக்குப் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பட்டுச் சேலை அன்று வெளியே வரும். கைக்கடிகாரம் இல்லாதவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கட்டிக்கொள்வார். பிறர் நம்மை எப்படிக் காணவேண்டும் என்று விரும்பினோமோ, அதையே அந்தப் படங்கள் காட்டுகின்றன. புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில், பிரான்சு நாட்டின் அரசர்களும் பிரபுக்களும் ஓவியர்களை அழைத்து இதையேதான் செய்தார்கள். அந்த ஓவியங்களில் காணப்படும் உடைகள் நமக்கு என்ன சொல்கின்றன என்பதை இன்று காண்போம்.

முதலில், 1701-ஆம் ஆண்டில் ஹயசிந்த் ரிகோ என்ற ஓவியர் வரைந்த பதினான்காம் லூயி மன்னரின் படத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது மன்னருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. ஆயினும் தலையில் கருகருவென்று உயர்ந்த பொய்முடி. தோளில் பொன்னிற லில்லி மலர்கள் பொறித்த நீல வெல்வெட் மேலங்கி. அதன் உட்புறம் முழுதும் ஏர்மின் என்னும் சிறு விலங்கின் வெண்மயிர்த் தோல். கால்களில் வெண்பட்டுக் காலுறை. காலணிக்குச் சிவப்புக் குதிகால். அரண்மனையில் அந்தச் சிவப்புக் குதிகாலை அணியும் உரிமை பிரபுக்களுக்கே உரியது. ஆகவே, ஒருவர் நடந்து வரும்போதே அவர் யார் என்பதைக் கால் சொல்லிவிடும்! ஸ்பெயின் நாட்டு அரசனாகிவிட்ட தம் பேரனுக்கு அனுப்பவே மன்னர் இந்தப் படத்தை வரையச் சொன்னார். படம் மிகவும் பிடித்துப்போகவே, தம்மிடமே வைத்துக்கொண்டார்.

அடுத்தது, 1756-ஆம் ஆண்டில் பிரான்சுவா பூஷே வரைந்த மதாம் தெ பொம்பதூரின் படம். இவர் பிறப்பால் பிரபு குலத்தவர் அல்லர். பதினைந்தாம் லூயி மன்னரின் அன்புக்கு உரியவராகி அரண்மனைக்குள் வந்தவர். படத்தில் பச்சைப் பட்டு, பாவாடையாக விரிந்து கிடக்கிறது. அதன்மேல் ரோஜாப் பூக்கள், சுருக்கு மடிப்புகள், மார்பிலே வரிசையாக ரிப்பன் முடிச்சுகள். கையிலே ஒரு புத்தகம். பிறப்பு கொடுக்காத உயர்வைப் பட்டும் படிப்பும் கொடுக்கும் என்று அந்தப் படம் பேசுகிறது.

இத்தகைய பட்டு எங்கே நெய்யப்பட்டது? லியோன் நகரம் அதற்குப் பேர்போனது. பூவேலைப் பட்டு நெய்யும் தறியில் நெசவாளர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. தறியின் கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் துணையாள் வேண்டும். பெரும்பாலும் இளம் பெண்களே அந்தக் கடும் வேலையைச் செய்தனர். 1786-ஆம் ஆண்டில், துணி அளவுக்கு 2 சூ கூடுதல் கூலி வேண்டும் என்று லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சூ என்பது சிறு நாணயம். கிளர்ச்சி அடக்கப்பட்டது, மூவர் தூக்கிலிடப்பட்டனர். பட்டின் பளபளப்புக்குப் பின்னால் இந்தக் கண்ணீரும் இருந்தது.

பருத்திக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1674-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் குடியேறினார்கள். சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் சாயம் தோய்த்துச் சித்திரம் எழுதிய பருத்தித் துணிகள் கப்பலேறிப் பிரான்சுக்குப் போயின. சாயம் போகாத அந்தத் துணிகளை மக்கள் விரும்பி வாங்கவே, உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவுக்குக் கேடு வரும் என்று அஞ்சிய அரசாங்கம் 1686-ஆம் ஆண்டில் அவற்றுக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1759-ஆம் ஆண்டில்தான். அவ்வளவு காலமும் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தியவர்கள் பலர்.

இனி மூன்றாவது படத்துக்கு வருவோம். 1783-ஆம் ஆண்டில், எலிசபெத் விஜே லெ புருன் என்ற 28 வயதுப் பெண் ஓவியர், பதினாறாம் லூயியின் மனைவி மரீ அந்துவானெத் அரசியை வரைந்தார். அரசி உடுத்தியிருந்தது வெள்ளை மஸ்லின் ஆடை. மஸ்லின் என்பது மிக மெல்லிய பருத்தித் துணி. இந்தியாவில் நெய்த மஸ்லினுக்கு ஐரோப்பாவில் பெரும் புகழ். அரசியின் இடையில் ஒரு கச்சை, தலையில் வைக்கோல் தொப்பி, அவ்வளவுதான். நகை இல்லை, கிரீடம் இல்லை. லூவர் மாளிகையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், யாவரும் காணும்படி இந்தப் படம் வைக்கப்பட்டது.

எளிமையைக் கண்டு மக்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறோம்? நடந்தது வேறு. "அரசி உள்ளாடையோடு நிற்கிறாரே!" என்று ஏசினார்கள். அரசியே பட்டைக் கைவிட்டால் லியோன் நெசவாளர் பிழைப்பது எப்படி என்ற குறையும் எழுந்தது. படம் கீழே இறக்கப்பட்டது. லெ புருன் அவசரமாக வேறொரு படம் வரைந்தார். அதிலும் அதே முகம், கையில் அதே ரோஜா; உடை மட்டும் நீலப் பட்டு, சரிகைப் பின்னல், கழுத்தில் முத்து. கூச்சல் அடங்கியது. அரசி விரும்பியதை உடுத்த அரசிக்கே உரிமையில்லை!

பிறகு நாடே மாறியது. 1789-ஆம் ஆண்டு கூடிய பேரவையில் பிரபுக்கள் பொன் அலங்காரத்தோடும் இறகுத் தொப்பியோடும் வந்தார்கள். பொதுமக்களின் பிரதிநிதிகள் வெறும் கறுப்புடையில்தான் வரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்த அவமதிப்பு பலர் நெஞ்சில் தைத்தது. அதே ஆண்டில் புரட்சி வெடித்தது. 1793 அக்டோபர் 16-ஆம் நாள் மரீ அந்துவானெத் கொலைக்களத்துக்குப் போனபோது, உடலில் இருந்ததும் எளிய வெள்ளை ஆடைதான். 13 நாள் கழித்து, அக்டோபர் 29-இல், புரட்சி மன்றம் ஒரு சட்டம் செய்தது: ஆணோ பெண்ணோ, தத்தம் பாலுக்குரிய உடையில் விரும்பியதை உடுத்தலாம்; இன்னவிதமாகத்தான் உடுத்தவேண்டும் என்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

நேயர்களே, இந்தப் படங்களில் அரசியின் பெயர் இருக்கிறது. ஓவியரின் பெயர் இருக்கிறது. கயிறு இழுத்த பெண்ணின் பெயரும் மஸ்லின் நெய்தவரின் பெயரும் இல்லை. மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பார்ப்பவர், விடியற்காலையில் பால்மரம் வெட்டிய கையை நினைப்பதில்லை அல்லவா? சரித்திரப் புத்தகத்தில் அழகிய உடையணிந்தவரின் படத்தைக் காணும்போது, "இந்தத் துணியை யார் நெய்தார்கள்? அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது?" என்று நம் பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம். சரித்திரப் படிப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.