நாய்களில் உணவு ஒவ்வாமையும் செவி அழற்சியும்

நாய்களில் உணவு ஒவ்வாமை என்பது உணவிலுள்ள ஏதேனும் ஒரு புரதத்தை நாயின் நோயெதிர்ப்பு முறைமை பகைப்பொருளாகக் கொண்டு எதிர்வினை புரிவதால் தோன்றும் நோயாகும். மனிதரில் இது தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் என உடனடியாக வெளிப்படுவதுண்டு. நாய்களிலோ ஆண்டு முழுவதும் நீடிக்கும் தோல் அரிப்பாகவும், திரும்பத் திரும்ப வரும் புறச்செவி அழற்சியாகவும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. சில நாய்களில் காது நோயைத் தவிர வேறு அறிகுறியே இராது. சொட்டு மருந்து இட்டதும் குணமாகி, சில வாரங்களில் மறுபடியும் கசிவும் நாற்றமும் வருமாயின், காதோடு நாய் உண்ணும் உணவையும் ஆராய வேண்டும்.

பால் குடித்தால் வயிற்றுப்போக்கு உண்டாவது போன்றவை உணவு ஏற்காமை எனப்படும். இதில் நோயெதிர்ப்பு முறைமைக்குப் பங்கில்லை. இரண்டையும் பேச்சு வழக்கில் ஒன்றாகக் கூறுவதுண்டு. இக்கட்டுரை ஒவ்வாமையைப் பற்றியது.

செவிக்குழலின் அமைப்பு

நாயின் செவிக்குழல் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் செவிப்பறையை நோக்கிக் கிடையாகத் திரும்புகிறது. ஏறத்தாழ 'ட' என்ற எழுத்தின் வடிவம் எனலாம். இதனால் உள்ளே சேரும் ஈரமும் அழுக்கும் எளிதில் வெளியேறுவதில்லை.

செவிக்குழலின் உட்புறம் போர்த்தியிருப்பது தோலே. அதில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் மெழுகுச் சுரப்பிகளும் உள்ளன. ஒவ்வாமையால் உடலின் தோல் அழற்சி அடையும்போது இப்பகுதியும் சேர்ந்தே அழற்சி அடைகிறது. உணவுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவே. நலமான செவியில் தோலின் மேலணுக்கள் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்து, மெழுகையும் அழுக்கையும் தாமே வெளியேற்றுகின்றன. அழற்சி இவ்வியக்கத்தைக் குலைத்துவிடுகிறது.

நோய் உண்டாகும் முறை

அழற்சியுற்ற குழலில் வெப்பமும் ஈரமும் மெழுகும் கூடுகின்றன. வழக்கமாகவே தோலில் சிறு எண்ணிக்கையில் வாழும் மலாசீசியா என்னும் மதுவமும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்களும் அப்போது பெருகுகின்றன. நாட்பட்ட நிலையில் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் குடியேறலாம். இதற்குப் பல மருந்துகள் பலனளிப்பதில்லை.

கால்நடைத் தோல் மருத்துவத்தில் காது நோயின் காரணிகளைப் பிரித்துக் கூறுவர். ஒவ்வாமை, காது உண்ணி, காதில் புகுந்த புல் விதை போன்றவை முதன்மைக் காரணிகள். மதுவமும் பாக்டீரியாவும் இரண்டாம் நிலைக் காரணிகள். தொங்கும் காது, குறுகிய குழல், அடிக்கடி நீந்துதல் ஆகியவை நோய்க்கு இடங்கொடுப்பவை. காக்கர் ஸ்பானியல் இனம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். நீண்டகால அழற்சியால் குழலில் ஏற்படும் தடிப்பும் சுருக்கமும் நோயை நீடிக்கச் செய்பவை. சொட்டு மருந்து பெரும்பாலும் இரண்டாம் நிலைக் காரணியை மட்டுமே நீக்குகிறது. முதன்மைக் காரணி அப்படியே இருப்பதால்தான் நோய் திரும்புகிறது.

முதன்மைக் காரணி எப்போதும் உணவன்று. தூசிப் பூச்சி, மகரந்தம் முதலியவற்றால் வரும் சூழல் ஒவ்வாமையும் இதே அறிகுறிகளைத் தரும். ஒரே நாய்க்கு இரண்டும் இருப்பதுண்டு.

காரணமாகும் உணவுகள்

முல்லர், ஆலிவ்ரி, பிரெலோ ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், தோல் சார்ந்த உணவு ஒவ்வாமை கொண்ட 297 நாய்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. மாட்டிறைச்சி 34%, பால் பொருட்கள் 17%, கோழி இறைச்சி 15%, கோதுமை 13%, ஆட்டுக்குட்டி இறைச்சி 5% நாய்களில் காரணமாக இருந்தன. ஒரே நாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட உணவு ஒவ்வாமல் போகலாம்.

இவ்வரிசையை எந்த உணவு கெட்டது என்பதற்கான பட்டியலாகக் கொள்ளலாகாது. எந்தப் புரதம் நாய்களுக்கு மிகுதியாகக் கொடுக்கப்படுகிறதோ அதற்கே ஒவ்வாமை தோன்றும் வாய்ப்பும் மிகுதி. பால்சோறும் தயிர்ச்சோறும் கோழிக்கழிவும் உண்டு வளரும் நாய்க்கு மாட்டிறைச்சியை விடப் பாலையும் கோழியையும் முதலில் ஐயுறுவதே பொருத்தமாகும். "பல ஆண்டுகளாக இதே உணவைத்தான் கொடுக்கிறோம், ஆகவே உணவு காரணமாக இருக்க முடியாது" என்று நாய் வளர்ப்போர் கூறுவதுண்டு. இது தவறான முடிவாகும். முன்னரே உண்டு பழகிய புரதத்திற்குத்தான் ஒவ்வாமை உருவாகிறது.

தானியமற்ற உணவுக்கு மாறினால் காது நோய் தீரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. மேற்கண்ட எண்களின்படி இறைச்சியும் பாலுமே முன்னிலையில் உள்ளன. தானியமற்ற உணவுகள் சிலவற்றுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்புண்டா என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியதையும் இங்குக் குறிப்பிடலாம்.

அறிகுறிகள்

தலையை உதறுதல், காதைச் சொறிதல், தரையில் தேய்த்தல், காதின் உட்புறம் சிவத்தல், பழுப்பு அல்லது மஞ்சள் கசிவு, புளித்த நாற்றம் ஆகியவை பொதுவானவை. பாதங்களை நக்குதல், அக்குளிலும் மலவாயைச் சுற்றியும் அரிப்பு, மலம் அடிக்கடி இளகிப் போதல் ஆகியவை உடன் இருப்பின் ஒவ்வாமை ஐயம் வலுப்பெறும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்து போகும் அரிப்பு உணவால் வந்திருக்கும் வாய்ப்புக் குறைவு.

நோயறிதல்

முதலில் காதின் கசிவைப் பஞ்சில் எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பர். மலாசீசியா நிலக்கடலை வடிவில் தெரியும். இவ்வெளிய சோதனை இன்றி மருந்து தேர்ந்தெடுப்பது குருட்டுத்தனமானது. குட்டிகளின் காதில் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு இருந்தால் காது உண்ணியைத் தேட வேண்டும்.

ஆனால் உணவு ஒவ்வாமையை இவ்வாறு ஒரே நாளில் கண்டறிய இயலாது. குருதி, உமிழ்நீர், மயிர் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் வணிகச் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் மாதிரிகளோடு செயற்கை மயிரையும் உப்புநீரையும் அத்தகைய சோதனைக்கு அனுப்பினர். அவற்றுக்கும் ஒவ்வாமை இருப்பதாகவே முடிவு வந்தது!

விலக்கல் உணவுச் சோதனை

நம்பத்தக்க வழி இது ஒன்றே. நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் கொண்ட உணவையோ, புரதம் சிறு துண்டுகளாக நீராற்பகுக்கப்பட்ட மருத்துவ உணவையோ கொடுத்து, மற்ற அனைத்தையும் நிறுத்த வேண்டும். 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை 5 வாரங்களிலும், 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை 8 வாரங்களிலும் குணமடைகின்றன. எனவே 8 வாரம் பொறுத்திருப்பது நல்லது. இக்காலத்தில் காதின் தொற்றுக்கும் தனியே மருத்துவம் செய்ய வேண்டும். தொற்று இருக்கும் வரை உணவின் பயன் வெளியே தெரியாது.

சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டினரால்தான். குழந்தை கீழே போடும் ஒரு பிஸ்கட், விருந்தினர் தரும் இறைச்சித் துண்டு, பூனையின் கிண்ணம், இறைச்சிச் சுவை சேர்த்த புழுநீக்க மாத்திரை, நாய்ப் பற்பசை ஆகியவற்றுள் ஒன்று போதும், முடிவு பயனற்றதாகிவிடும். கடையில் விற்கும் 'ஒரே இறைச்சி' உணவுகளிலும் சிட்டையில் குறிப்பிடாத புரதங்கள் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டில் சமைப்பதாயின் வெங்காயமும் பூண்டும் கூடாது. அவை நாய்க்கு நஞ்சு. அவ்வுணவு மட்டுமே நெடுங்காலத்திற்கு, குறிப்பாகக் குட்டிகளுக்கு, ஊட்டம் நிறைந்ததாகாது.

நாய் தேறியதும் சோதனை முடிந்ததெனக் கருதி நிறுத்திவிடுவோர் பலர். தேறியதற்குச் சொட்டு மருந்தோ பருவ மாற்றமோ காரணமாகவும் இருக்கலாம். ஆகவே பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை இருப்பின் பெரும்பாலான நாய்களில் 14 நாட்களுக்குள் அரிப்பு திரும்பும். உடனே விலக்கல் உணவுக்கு மாற்றி, தேறிய பின் கோழி, பால், கோதுமை என ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு ஓரிரு வாரம் வீதம் சேர்த்துக் காரணப் பொருளை அறியலாம். மென்பொருளில் வழுவைத் தேடுவோர் அறிந்த முறைதான் இது: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே.

மருத்துவமும் சிக்கல்களும்

காதைக் கழுவும் முன்னரும் மருந்திடும் முன்னரும் செவிப்பறை கிழியாமல் உள்ளதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கிழிந்திருப்பின் ஜென்டாமைசின், குளோர்ஹெக்சிடின் போன்றவை உட்செவியை அடைந்து கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். மனிதர்க்குச் செய்வது போலப் பூண்டு காய்ச்சிய எண்ணெயை நாயின் காதில் விடுதல் கூடாது. மலாசீசியா கொழுப்பை விரும்பி வளர்வது; எண்ணெய் செவிப்பறையையும் மறைத்துவிடும். பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

தலையை ஓயாது உதறுவதால் காது மடலில் குருதி தேங்கி வீங்கலாம். தொற்று நடுச்செவிக்குப் பரவினால் தலை ஒருபுறம் சாய்தல், முகத்தசை தளர்தல், நடை தடுமாறுதல் ஆகியவை ஏற்படலாம். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்த செவிக்குழல் தடித்துச் சுருங்கி, இறுதியில் சுண்ணமேறிக் கல் போலாகிவிடும். அதன் பிறகு உணவை மாற்றியும் பயனில்லை. செவிக்குழல் முழுவதையும் அறுத்து நீக்குவதே அப்போது எஞ்சும் மருத்துவமாகும். இவ்வறுவையால் வலி நீங்கினாலும் அக்காதின் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விடும்.