அப்ரூவர்

'கூட்டாளி அப்ரூவர் ஆனார்' என்று நாளிதழில் படிக்கிறோம். அவர் எதை அங்கீகரித்தார்? எதையுமில்லை. லத்தீனில் 'புரோபாரே' என்றால் மெய்ப்பித்தல். அதிலிருந்து பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான் 'அப்ரூவர்'. இடைக்கால இங்கிலாந்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன், சொன்னதைச் சில வேளை ஆயுதச் சண்டையிட்டே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தோற்றால் தூக்கு! 1830களில் இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் தக்கர் கொள்ளையரை ஒடுக்கியதும் அப்ரூவர்களை வைத்துத்தான்.

தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் 'குற்ற ஒப்புதல் பேரம்' வேறு. அது நம் சட்டத்தில் 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்ரூவருக்குக் கிடைப்பதோ மன்னிப்பு. தெரிந்ததை முழுமையாக, உண்மையாகச் சொல்வதே நிபந்தனை. மறைத்தால் அதே குற்றத்துக்கு அவர்மீது தனியே வழக்கு நடத்தலாம்.