தொலைவும் உறவும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைகள் பல நிற்பதைக் காண்கின்றோம். அத்தகைய ஆலையில் செய்யப்பெறும் ஓர் இரும்புத் துண்டுக்கு நீளம், கனம், துளையின் விட்டம் எனப் பல அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவும் தனித்தனியே எல்லைக்குள் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து நோக்குங்கால், அத்துண்டு தன் கூட்டத்தோடு ஒட்டாமல் நிற்கலாம். பல அளவுகளை ஒருங்கே வைத்துக் கூட்டங்களைக் கண்டறியும் முறை நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1891-இல் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, வங்காளம் முதலிய பகுதிகளில் பல சாதியாரின் உடலளவுகளைத் திரட்டி வெளியிட்டார். மூக்கின் அளவு சமூகத்தின் உயர்வு தாழ்வைக் காட்டும் என்பது அவர் கொள்கை. அக்கணக்குகளைக் கல்கத்தாப் பேராசிரியர் மகலனோபிஸ் மீண்டும் ஆராய்ந்தார். 1925-இல் காசியில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசில் தம் முடிவைக் கூறினார்: வங்காளப் பிராமணர், உடலளவில், வெளி மாகாணப் பிராமணரைவிட வங்காளத்துப் பிற சாதியாருக்கே நெருங்கியவர்!

எனினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. உயரமானவனுக்குக் கையும் நீண்டிருத்தல் இயல்பு. இவ்விரண்டையும் தனித்தனி வேற்றுமைகளாகக் கூட்டினால், ஒரே கடனை இருமுறை வசூலித்தது போலாகும். அளவுகளுக்கிடையே உள்ள இவ்வுறவைக் கழித்துத் தொலைவைக் கணிக்கும் வழியை அவர் 1936-இல் வெளியிட்டார். ‘மகலனோபிஸ் தொலைவு’ என உலகம் அதனை வழங்குகிறது.

1941-இல் ஐக்கிய மாகாணத்தில் மஜும்தார் எடுத்த அளவுகளை, மகலனோபிஸும் இளைஞர் சி. ஆர். ராவும் இம்முறையால் ஆராய்ந்தனர். 1949-இல் முடிவு வெளியாயிற்று. தமக்குள் தொலைவு குறைந்தும் பிறரிடமிருந்து தொலைவு மிகுந்தும் நிற்போரே ஒரு தொகுதி. அங்கே பிராமணர் ஒரு தொகுதியாகவும், கைவினைஞர் மற்றொரு தொகுதியாகவும் நின்றனர். வங்காளத்தில் கண்டது வேறு. இங்குக் கண்டது வேறு. கணக்கு எவர் விருப்பத்திற்கும் இசைந்து பேசுவதன்று. அன்றியும், அது கூறுவது அளந்த உறுப்புகளின் நெருக்கத்தையே, மனிதரின் தகுதியையன்று. ரிஸ்லி தவறியது இவ்விடத்திலேதான்.

மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு 1954-இல் வந்த ஜப்பானியர் தகுச்சி, பிற்காலத்தில் இத்தொலைவைக் கொண்டு குறையுள்ள பொருளைப் பிரித்தறியும் முறையை வகுத்தார். இவ்வாறு மனிதரை அளக்கப் பிறந்த கணக்கு ஆலைக்குள்ளும் புகுந்தது.

ஒரே தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவனை எடைபோட்ட ஆசிரியர்களுள் யானும் ஒருவன். பலவற்றையும் சேர்த்து நோக்குமின். அளவாதவற்றை அளந்ததாக எண்ணாதிருமின்.